வெயில் அடிக்கிறது, வண்டி ஏன் ரத்து?

காற்றின் கொந்தளிப்பைக் கம்ப்யூட்டர் கணக்கில் பிடித்த கதை

கார்த்திகை பிறந்துவிட்டால் ஐதராபாத் வாழ் தமிழர்களுக்கு ஒரு கவலையும் கூடவே வந்துவிடும். ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாயிற்று. தங்கை கல்யாணமோ, தகப்பனார் திதியோ, போயே ஆகவேண்டிய காரியம். லீவும் சாங்ஷன் ஆகிவிட்டது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு "வண்டி ரத்து" என்று அறிவிப்பு வருகிறது. ஏ.எஸ்.ராவ் நகரில் அன்று வெயில் பளிச்சென்று அடிக்கிறது. ஈ.சி.ஐ.எல். கிராஸ் ரோட்டில் தூசி பறக்கிறது. ரயில் நிலைய விசாரணை ஜன்னலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "இங்கே ஒரு துளி மழை இல்லையே சார், வண்டியை ஏன் நிறுத்தினீர்கள்?"

கேள்வி நியாயமானதே. ஆனால் பதில் நீளமானது. பின்னால் வரிசை நிற்கும்போது ஜன்னலில் இருப்பவர் அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அந்தப் பதிலின் ஒரு நுனி, கேட்பவர் குடியிருக்கும் ராவ் நகரிலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிச்சாங் புயல் வங்கக் கடலில் உருவாயிற்று. டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னை நகரை வெள்ளக்காடாக்கிவிட்டு, 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரை கடந்தது. விஜயவாடா – கூடூர் கடலோரப் பாதை வழியே ஓடும் பல வண்டிகள் முன்கூட்டியே ரத்து செய்யப்பட்டன. புயல் இன்ன நாளில் இன்ன இடத்தை நெருங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடிந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

1964இல் நிலைமை வேறு. அந்த ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு, பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் எழுந்து அதை விழுங்கியது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது. அந்த வண்டியை யாரும் ரத்து செய்யவில்லை. ரத்து செய்யும்படி யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

இந்த இரண்டு டிசம்பர்களுக்கும் நடுவே நடந்தது என்ன?

குழாய்த் தண்ணீரில் ஒரு புதிர்

வீட்டுக் குழாயை மெல்லத் திறந்தால் தண்ணீர் கண்ணாடிக் கம்பி போல அசையாமல் விழுகிறது. இன்னும் கொஞ்சம் திருகினால் கம்பி கலைந்து, முறுக்கிக்கொண்டு, தாறுமாறாகக் கொட்டுகிறது. ஊதுவத்திப் புகையும் அப்படியே. முதலில் நேர்கோடாக எழும்பும். ஒரு சாண் உயரம் போனதும் சுருண்டு சிதறும். இந்தச் சிதறலுக்குத்தான் கொந்தளிப்பு ஓட்டம் என்று பெயர்.

1883இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற பேராசிரியர் இதை ஒழுங்காகச் சோதித்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, அதன் நடுவே சாயத்தை நூல் போல இழையவிட்டார். வேகம் குறைவாக இருந்தவரை சாயம் நூலாகவே நின்றது. ஓர் அளவைத் தாண்டியதும் நூல் அறுந்து, சாயம் குழாய் முழுதும் கலந்தது. ஓட்டத்தின் வேகம், குழாயின் குறுக்களவு, திரவத்தின் பிசுக்கு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே எண் கிடைக்கும் என்று அவர் கண்டார். ரெனால்ட்ஸ் எண் எனப்படும் அது, குழாயில் சுமார் 2,000க்குக் கீழே இருந்தால் அமைதி. அதைத் தாண்டிப் போகப் போகக் கொந்தளிப்பு.

ஓட்டத்துக்கு உரிய விதிகள் அதற்கு முன்பே தெரிந்தவைதான். பிரான்சு நாட்டு நேவியர், பிரிட்டனின் ஸ்டோக்ஸ் ஆகிய இருவர் பெயரில் வழங்கும் சமன்பாடுகள் 1845க்குள் எழுதப்பட்டுவிட்டன. குழாய்த் தண்ணீருக்கும், ராக்கெட் மூக்கில் உரசும் காற்றுக்கும், வங்கக் கடல் புயலுக்கும் அடிப்படைச் சட்டம் அதுதான். சட்டம் தெரிந்தும் தீர்ப்பு எழுத முடியவில்லை. கொந்தளிப்பு வந்துவிட்டால் அந்தச் சமன்பாட்டைப் பேப்பர் பென்சிலால் தீர்க்க வழியில்லை. அந்தச் சமன்பாடுகளுக்கு எப்போதும் ஒழுங்கான விடை உண்டா என்பதை நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அறிவித்தது. அந்தப் பணம் இன்னும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

64,000 குமாஸ்தாக்கள்

சூத்திரத்தால் முடியாததைக் கூட்டல் கழித்தலால் செய்துவிடலாம் என்று நம்பினார் லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர் அவர். காயம்பட்டவர்களைச் சுமந்த நேரம் போக, குளிரிலும் ஈரத்திலும் ஒரு வைக்கோல் குவியலை ஆபீஸாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்.

அவருடைய முறை, பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு எளிதில் விளங்கும். வானத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கணக்கு: காற்றழுத்தம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு. பக்கத்துப் பெட்டியிலிருந்து வந்தது வரவு. அடுத்த பெட்டிக்குப் போனது செலவு. மீதியை அடுத்த நேரத்துக்கு முன்பாக்கியாகக் கொண்டுபோகவேண்டும். எல்லாப் பெட்டிகளையும் இப்படி முடித்தால் அடுத்த மணி நேரத்து வானம் தெரியும்.

1910 மே 20ஆம் தேதியின் பழைய குறிப்புகளை வைத்து, ஆறு மணி நேரத்துக்கான வானிலையை அவர் கணக்கிட்டார். அதற்கு ஏறக்குறைய ஆறு வாரம் பிடித்தது. விடை படுதோல்வி. காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று கணக்கு சொல்லிற்று. உண்மையில் அன்று அழுத்தம் அசையவே இல்லை என்று சொல்லலாம். முறையில் பிழை இல்லை. தொடக்கக் குறிப்புகளில் இருந்த சிறு பிசகுகள் கணக்கில் பெருகிவிட்டன என்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டறிந்தனர். 1917இல் போர்க் குழப்பத்தில் கையெழுத்துப் பிரதியே காணாமற் போய், சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது.

தோற்ற கணக்கை மறைக்காமல் 1922இல் புத்தகமாகவே அவர் வெளியிட்டார். அதில் ஒரு கற்பனையும் உண்டு. பெரிய அரங்கு. அதன் சுவரில் உலகப் படம். 64,000 பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பகுதியைக் கணக்கிடுகிறார்கள். நடுவில் மேடைமேல் ஒருவர் நின்று, முந்திப் போகிறவர்கள் மீது சிவந்த ஒளியும், பின்தங்கியவர்கள் மீது நீல ஒளியும் பாய்ச்சி எல்லோரையும் ஒரே கதியில் வைத்திருக்கிறார்.

64,000 குமாஸ்தாக்களை எந்த அரசாங்கமும் நியமிக்கவில்லை. 1950இல் அமெரிக்காவில் எனியாக் என்ற கம்ப்யூட்டர் அந்த வேலையை ஏற்றது. ஒரு நாள் வானிலையைக் கணக்கிட அதற்கும் ஏறக்குறைய ஒரு நாள் ஆயிற்று. ஆனால் விடை ஓரளவு சரியாக வந்தது.

சில்லறைச் செலவு

பெட்டி எவ்வளவு சிறிதாக இருக்கவேண்டும்? கஷ்டம் அங்கேதான். பெரிய சுழல் உடைந்து சின்னச் சுழலாகிறது. சின்னது இன்னும் சின்னதாக உடைகிறது. கடைசியில் மில்லிமீட்டர் கணக்கில் வந்து, உராய்வில் தேய்ந்து மறைகிறது. பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்று மீட்டர். அதை மில்லிமீட்டர் பெட்டிகளாகப் பிரித்தால் 2,700 கோடிப் பெட்டிகள். பெட்டியின் அளவைப் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்காகும். கணக்கை எழுதும் கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால் வேலை பதினாறு மடங்காகிவிடும். ஓர் அறைக்கே இந்தப் பாடு என்றால் வங்கக் கடலுக்கு என்ன செய்வது?

ஆபீஸில் செய்வதைத்தான் செய்தார்கள். பெரிய செலவுகளைத் தனித்தனியே எழுதிவிட்டு, பேனா, குண்டூசி, டீச் செலவையெல்லாம் "சில்லறைச் செலவு" என்று ஒரே தொகையாகப் போடுவதில்லையா? அதுபோலப் பெரிய சுழல்களை மட்டும் கம்ப்யூட்டர் நேராகக் கணக்கிடும். பெட்டிக்குள் அடங்கிவிடும் சின்னச் சுழல்களுக்கு ஒரு மதிப்பீடு போடும். அமெரிக்க வானிலை விஞ்ஞானி ஸ்மகோரின்ஸ்கி 1963இல் இதற்கு ஒரு வழி வகுத்துக் கொடுத்தார். எல்லாச் சுழலையும் விடாமல் கணக்கிடும் முயற்சியும் நடந்தது. 1972இல் அமெரிக்காவில் ஆர்ஸாக், பேட்டர்சன் இருவரும் பக்கத்துக்கு 32 பெட்டிகள் கொண்ட ஒரு சின்னக் கனசதுரத்தில் அதைச் செய்து காட்டினர். 2002இல் ஜப்பானியர் தங்கள் எர்த் சிமுலேட்டர் கம்ப்யூட்டரில் பக்கத்துக்கு 4,096 பெட்டிகள் வரை போனார்கள்.

சில்லறைக் கணக்கில் தவறு வந்தால் மொத்தக் கணக்கும் ஆடும். இன்றைக்கும் விஞ்ஞானிகள் தலையை உடைத்துக்கொள்வது அந்தச் சில்லறையைப் பற்றித்தான்.

ராவ் நகரின் பெயருக்கு உரியவர்

கம்ப்யூட்டர் என்றால் வெளிநாட்டுச் சரக்கு என்றிருந்த காலத்தில், அதை இங்கேயே செய்வோம் என்று கிளம்பியவர்களில் ஒருவர்தான் டாக்டர் ஏ.எஸ்.ராவ். அய்யகாரி சாம்பசிவ ராவ் என்பது முழுப்பெயர். 1914இல் மேற்கு கோதாவரிப் பகுதியில் பிறந்தவர். காசி இந்து சர்வகலாசாலையிலும், பிறகு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டிலும் படித்தார். ஹோமி பாபாவிடம் அணுசக்தித் துறையில் மின்னணுப் பிரிவை வளர்த்தார். 1967இல் ஐதராபாத்தில் ஈ.சி.ஐ.எல். தொடங்கப்பட்டபோது அதன் முதல் நிர்வாக இயக்குநர் அவரே. 1972இல் பத்மபூஷண் பெற்றார். 2003இல் காலமானார். ஈ.சி.ஐ.எல். ஊழியர்கள் வீடு கட்டிக் குடியேறிய காலனிக்கு அவர் பெயரே நிலைத்தது.

இன்று ஈ.சி.ஐ.எல். என்றால் வாக்குப்பதிவு எந்திரம்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் டிராம்பேயில் உருவான டி.டி.சி.-12 என்ற 12-பிட் கம்ப்யூட்டரை 1969 முதல் தயாரித்து விற்றது அந்தத் தொழிற்சாலை. 1970களில் டி.டி.சி.-312, டி.டி.சி.-316 ஆகியவை வந்தன. நாட்டின் பல ஆய்வுக்கூடங்களும் கல்லூரிகளும் அவற்றில்தான் கம்ப்யூட்டர் பழகின. அந்த எந்திரங்கள் புயலைக் கணக்கிட்டன என்று சொல்வதற்கில்லை. அந்தப் பளுவை அவற்றால் தாங்க முடியாது. சொந்தமாகச் செய்து பார்த்த கைகளை நாட்டுக்குத் தயார் செய்தன என்று சொல்வதே சரி.

கேட்டதும் கிடைத்ததும்

1977 நவம்பர் 19ஆம் தேதி ஆந்திராவின் திவிசீமாவைப் புயலும் கடலும் சேர்ந்து அழித்தன. பத்தாயிரம் பேருக்குமேல் இறந்தார்கள். வானிலையைக் கணக்கிடப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 1980களில் இந்தியா அமெரிக்காவிடம் 'கிரே' என்ற சூப்பர் கம்ப்யூட்டரைக் கேட்டது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு டில்லியில் வானிலைக்கு மட்டும் ஒன்று கிடைத்தது. வேறு காரியத்துக்கு அதைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை. ராக்கெட்டைச் சுற்றும் காற்றும் புயல் காற்றும் ஒரே சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டவை என்பது அமெரிக்காவுக்கும் தெரியும். பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகம் கேட்ட பெரிய எந்திரம் வரவில்லை.

வராதது ஒரு வகையில் நல்லதாயிற்று. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தில் அப்போது இயக்குநராக இருந்தவர் கொந்தளிப்பு ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்ற ரொத்தம் நரசிம்மா. ஒரு பெரிய மூளைக்குப் பதில் பல சின்ன மூளைகளை ஒன்றாகப் பூட்டினால் என்ன என்று அங்கே முயன்றார்கள். சந்தையில் சாதாரணமாகக் கிடைத்த இன்டெல் 8086 சில்லுகளைக் கோத்து 1986இல் ஃப்ளோசால்வர் என்ற கம்ப்யூட்டரைச் செய்தார்கள். இந்தியாவின் முதல் இணைச் செயல் கம்ப்யூட்டர் அதுதான். 'ஓட்டத்தைத் தீர்ப்பது' என்பதே பெயரின் பொருள். ரிச்சர்ட்சனின் அரங்கை ஒரு பெட்டிக்குள் அடைத்தாற்போல, ஒவ்வொரு சில்லும் தன் பகுதியைக் கணக்கிட்டுப் பக்கத்துச் சில்லுக்கு விடையைத் தந்தது. பின்னர் வந்த ஃப்ளோசால்வர்களில் வானிலைக் கணக்கும் ஓடியது.

ஐதராபாத்தும் பின்தங்கவில்லை. ராமேஸ்வரத்தில், தனுஷ்கோடிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த அப்துல் கலாம், 1982இல் காஞ்சன்பாக் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்துக்கு இயக்குநராக வந்தார். ஏவுகணைகளுக்குக் காற்றோட்டக் கணக்கு அவசியமாயிற்று. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர் எஸ்.எம்.தேஷ்பாண்டே குழுவினர் அதிவேகக் காற்றோட்டத்துக்கான நிரல்களை எழுதித் தந்தனர். 1988இல் ஐதராபாத்தில் அனுராக் என்ற தனி ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அங்கே உருவான 'பேஸ்' என்ற இணைச் செயல் கம்ப்யூட்டர் காற்றோட்டக் கணக்குக்காகவே செய்யப்பட்டது. அதே காலத்தில் புனேயில் பரம், டிராம்பேயில் அனுபம் என்று இந்த வம்சம் கிளைத்தது. 2011இல் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் சுமார் 14 கோடி ரூபாய்ச் செலவில் அமைத்த சாகா-220 கம்ப்யூட்டரும் ராக்கெட்டைச் சுற்றும் காற்றைக் கணக்கிடத்தான்.

எண்ணைப் படமாக்குதல்

கணக்கு முடிந்தால் மட்டும் போதாது, அதைப் பார்க்கவேண்டும். முன்சொன்ன அறையின் 2,700 கோடிப் பெட்டிகளுக்குப் பெட்டிக்கு ஓர் எண் என்று பக்கத்துக்கு 60 எண் வீதம் அச்சடித்தால் 45 கோடிப் பக்கம் ஆகும். அதுவும் ஒரு கணத்துக்கு மட்டும். யாரால் படிக்க முடியும்? ஆகவே எண்ணுக்கு நிறம் கொடுக்கிறார்கள். வேகம் மிகுந்த இடம் சிவப்பு, மந்தமான இடம் நீலம். ரெனால்ட்ஸ் சாயத்தை இழையவிட்டது போல, கம்ப்யூட்டருக்குள்ளும் பொய்ப் புகையை விட்டு அது எப்படிச் சுருள்கிறது என்று பார்க்கிறார்கள். சுழலின் நடுவை மட்டும் கயிறு போல எடுத்துக் காட்டவும் வழி உண்டு. இந்தப் படக்கலை வைத்தியத்துக்கும் பயன்பட்டது. ஸ்கேன் எண்களைக் கொண்டு உடலின் உள்ளுறுப்பைக் கனவடிவில் காட்டும் அனாமிகா என்ற நிரல் ஐதராபாத் அனுராக் கூடத்தில் உருவானதே.

படம் அழகாக இருப்பதனால் மட்டும் உண்மையாகிவிடாது. தப்புக் கணக்கும் அழகான படம் தரும். எனவேதான் பெங்களூரில் 1967 முதல் இயங்கும் 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கம் போன்றவற்றில் மாதிரியை வைத்து, நிஜக் காற்றை ஊதி, கணக்கோடு ஒத்துப்பார்க்கிறார்கள். இது ஆடிட் மாதிரி.

மூன்று இலக்கம் செய்த குழப்பம்

இவ்வளவும் செய்தும் புயல் சில சமயம் சொன்ன இடத்தை விட்டு விலகிப் போகிறது. அதற்குக் காரணம் உண்டு. 1961இல் அமெரிக்காவில் எட்வர்டு லாரன்ஸ் என்ற விஞ்ஞானி ஒரு வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டினார். 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று போட்டுவிட்டு காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்தால் கணக்கு முற்றிலும் வேறு வானிலையைக் காட்டிக்கொண்டிருந்தது. கடைசி மூன்று இலக்கத்தை விட்டதன் பலன் அது. பைசாவை விட்டால் பேலன்ஸ் இடிக்கும் என்பது குமாஸ்தாக்களுக்குத் தெரிந்ததுதான். வானத்தில் அந்தப் பைசா நாளுக்கு நாள் பெருகுகிறது.

ஆகையால் இன்று ஒரே கணக்கை நம்புவதில்லை. தொடக்க எண்களைச் சற்றே மாற்றிப் பலமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். பெரும்பாலானவை ஒரே பக்கம் போனால் நம்பிக்கை கூடும். டி.வி.யில் புயல் பாதையைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் கூம்பு வடிவத்தைப் பலர் பார்த்திருப்பர். புயல் அவ்வளவு அகலம் என்று அதற்கு அர்த்தமில்லை. கணக்கு எவ்வளவு பிசகலாம் என்பதை ஒளிக்காமல் சொல்லும் அடையாளம் அது.

எந்திரங்களும் வளர்ந்தன. 2018இல் புனேயிலும் நொய்டாவிலும் பிரத்யூஷ், மிஹிர் என்ற இரு கம்ப்யூட்டர்கள் வந்தன. 2024 செப்டம்பரில் அர்க்கா, அருணிகா வந்தன. இவற்றில் அர்க்காவின் திறன் வினாடிக்குச் சுமார் 11,770 லட்சம் கோடி கணக்குகள். 2025 மே மாதம் தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு முறையில் பெட்டியின் அகலம் 12 கிலோமீட்டரிலிருந்து 6 கிலோமீட்டராகக் குறைந்தது. நீள அகலத்தை மட்டும் பாதியாக்கினாலே பெட்டிகள் நாலு மடங்கு.

பலன் என்ன? 1999 அக்டோபரில் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் அதே கரையில் பைலின் புயல் மோதியபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். இறந்தோர் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை. செயற்கைக்கோள், ராடார், புயல் பாதுகாப்புக் கட்டடங்கள், வீடு வீடாகப் போய் அழைத்த ஊழியர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் எந்த நாள், எந்தக் கரை என்பது முன்பே தெரிந்திராவிட்டால் யாரை எங்கே அழைப்பது?

விசாரணை ஜன்னலுக்குத் திரும்புவோம். கல்யாணத்துக்குப் போக முடியாதவரின் வருத்தம் பெரியது. பணம் திரும்பக் கிடைக்கும், முகூர்த்தம் கிடைக்காது. சில வேளை புயல் விலகிப்போய், வீணாக நிறுத்தினார்களே என்ற ஆத்திரமும் வரும். ஆனால் ரத்தான வண்டி யார்டில் பத்திரமாக நிற்கிறது. தண்டவாளம் சரியானதும் அது மறுபடி புறப்படும். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு பாம்பனிலிருந்து புறப்பட்டவர்களுக்கு அந்த வசதியை யாராலும் செய்து கொடுக்க முடியவில்லை.